கேளாமல் பேசிய யந்திரம்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாத இதழில் வெளியான என் கதையை வாசகர்களில் சிலர் படித்திருக்கக்கூடும். மனைவியை இழந்து தனியாக வாழ்கிறார் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்குத் துணையாக ஒரு மனித யந்திரத்தை வாங்கி அனுப்புகிறான். பெட்டியைப் பிரித்து நிறுத்திய மறுகணமே அது, "வணக்கம் ஐயா, இரவு நன்றாக உறங்கினீர்களா?" என்று கேட்கிறது. கதை பலருக்குப் பிடித்திருந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்தக் கடிதங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசிரியை. "உங்கள் யந்திரம் பெட்டியிலிருந்து இறங்கியதும் பிழையில்லாமல் பேசுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் 'அம்மா' என்ற ஒரு வார்த்தைக்கு எத்தனை மாதம் பாடுபடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். காது நன்றாகக் கேட்கிற குழந்தையே முதல் வார்த்தை சொல்வதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கேட்டுக்கொண்டு கிடக்கிறது. உங்கள் யந்திரம் எத்தனை நாள் கேட்டது? யாரிடம் கேட்டது?" இவ்வளவுதான் கடிதம். கீழே கையெழுத்து.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கதைக்குக் கால் உண்டா, யந்திரத்துக்குத் தொட்டில் உண்டா என்று எண்ணிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மடிந்து கிடக்க மறுத்தது. என்னைப் போலவே யந்திரங்களையும் செயற்கை மனிதர்களையும் பேசவைத்த ஆசிரியர்கள், என்னைவிடப் பெரியவர்கள், இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என அலமாரியைக் கிளறினேன். நான் விஞ்ஞானம் முறையாகப் படித்தவன் அல்ல. கதை எழுதுகிறவன் கதைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கே சொல்லுகிறேன்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் காரல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகம். 1920-ல் அச்சாகி, 1921-ல் பிராக் நகரத்தின் தேசிய நாடக அரங்கில் மேடையேறிய இந்த நாடகந்தான் 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது. சொல்லைச் சொல்லித் தந்தவர் சாப்பெக்கின் அண்ணன் யோசெப். செக் பாஷையில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு, நம் ஊரில் வெட்டி வேலை என்பார்களே அதுபோல. நாடகத்தின் முதற் பகுதியில் அருமையான ஒரு வேடிக்கை உண்டு. தொழிற்சாலையைப் பார்க்க வந்த ஹெலெனா, சுல்லா என்ற பெண் ரோபோவை மனுஷி என்று நம்புகிறாள். பிறகு வருகிற அதிகாரிகளை ரோபோக்கள் என்று எண்ணிப் பரிதாபப்படுகிறாள். இந்த வேடிக்கைக்கு அடிப்படையே சுல்லாவின் சரளமான பேச்சு.

சாப்பெக் ஆசிரியையின் கேள்வியை அடியோடு மறந்தார் என்று சொல்லிவிட முடியாது. ரோபோக்களுக்குப் போதனை செய்வதற்கென்றே அந்தத் தொழிற்சாலையில் ஓர் அதிகாரி இருக்கிறார். பேசவும் எழுதவும் கணக்குப் போடவும் பழக்குகிறோம், அவற்றின் ஞாபகசக்தி அபாரமானது என்று அவர் பெருமையோடு விளக்குகிறார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் மேடைக்கு வருவதேயில்லை. பேசக் கற்பது என்றால் மனப்பாடம் செய்வது என்று ஒரு வாய்ச்சொல்லில் முடிந்துவிடுகிறது. சாப்பெக்கின் அக்கறை வேறு. உழைப்பதற்காகவே செய்யப்பட்ட உயிர் ஒருநாள் திரும்பி நின்றால் என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு நாடகம் பதில் சொல்லிவிடுகிறது. அதனால் அவரை நான் குறைசொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்த நாங்கள், அவருடைய கேள்வியை விட்டுவிட்டு அவசரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அவருக்கு நூறு வருஷம் முன்பே இதைச் சரியாகச் செய்தவர் ஒருவர் உண்டு. 1818-ல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டீன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு அப்போது வயது இருபது. சினிமாவில் அந்த ராட்சதன் உறுமுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாவலைப் படித்தால் திகைத்துப் போவார்கள். நாவலில் அவன் பேசக் கற்பதற்கே அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, பலகை இடுக்கு வழியாக அவன் அவர்களைப் பார்க்கிறான். இந்த மனிதர்கள் வாயால் எழுப்பும் ஓசைகள் ஒருவர் முகத்தில் சிரிப்பையும் இன்னொருவர் முகத்தில் துக்கத்தையும் வரவழைக்கின்றனவே என்று வியக்கிறான். பேச்சு என்ற ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்கு முதல் கண்டுபிடிப்பு. பிறகு நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்று அன்றாடம் காதில் விழும் சொற்கள் பிடிபடுகின்றன. பிறகு அந்த வீட்டார் ஒருவரையொருவர் கூப்பிடும் பெயர்கள். தன் தொண்டை கரகரப்பாக இருந்தாலும் தனியாக உட்கார்ந்து அவற்றைச் சொல்லிப் பார்க்கிறான். கடைசியில், அந்த வீட்டில் கண் தெரியாத கிழவர் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறான். அவர் அவனைக் குரலால் மட்டுமே அறிவார். ஆகையால் மனிதனாகவே நடத்துகிறார். உலக நாவல்களில் இதைப் போன்ற காட்சிகள் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

குறையும் உண்டு. ராட்சதன் கொஞ்ச காலத்திலேயே மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்துவிட்டு மேடைப் பிரசங்கியைப் போல் பேச ஆரம்பித்துவிடுகிறான். அதைவிட முக்கியமான குறை, அவன் கற்கும் காலம் முழுவதும் அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஒட்டுக்கேட்டே ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டுவிடுகிறான். இது நடக்கக்கூடியதா என்பதற்கு நம் காலத்தில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. பட்ரீஷியா குல் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் கூட்டத்தாரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். வேறு சிலருக்கு அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. தொலைக்காட்சியில் கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பலகை இடுக்கு மட்டும் போதாது. எதிரில் ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

கதைகள் இப்படி இருக்க, உண்மையான யந்திரங்கள் எப்படிப் பேச வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கதாசிரியர்களைக் காட்டிலும் யந்திரம் செய்தவர்களுக்குப் பொறுமை அதிகம் என்றே தோன்றுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னாவில் கெம்பெலன் என்று ஓர் அதிகாரி இருந்தார். சதுரங்கம் ஆடும் துருக்கிப் பொம்மையைச் செய்து ஐரோப்பாவை ஏமாற்றியவர் இவர்தான். பொம்மையின் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்து ஆடினான். அதே மனிதர் இருபது வருஷம் பாடுபட்டு ஒரு பேசும் யந்திரத்தையும் செய்தார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 1791-ல் அதன் அமைப்பு முழுவதையும் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். நுரையீரலுக்குத் துருத்தி, குரல்வளைக்கு ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ரீடு, வாய்க்கும் மூக்குக்கும் தனித்தனி வழிகள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. உந்தியில் எழுந்த காற்று மிடற்றிலும் நாவிலும் பல்லிலும் இதழிலும் மூக்கிலும் பட்டு எழுத்தாகிற விதத்தைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துச் சொல்கிறது. பிறப்பியலில் ஏட்டில் இருந்ததைப் போன்ற ஒன்றையே கெம்பெலன் மரத்திலும் தோலிலும் செய்தார் எனலாம்.

ஆனால் அந்த யந்திரத்தை ஒருவர் கையால் வாசிக்க வேண்டும். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் காட்டிய 'வோடர்' என்ற மின்சார யந்திரமும் அப்படித்தான். ஹோமர் டட்லி என்பவர் அமைத்தது. பியானோ வாசிப்பவரைப் போல் ஒரு பெண் அதன்முன் உட்கார்ந்து, விரல்களால் கட்டைகளையும் காலால் ஒரு மிதியையும் இயக்கிப் பேசவைப்பாள். அதற்கு அவளுக்குச் சுமார் ஒரு வருஷப் பயிற்சி தேவைப்பட்டதாம். ஒரு குழந்தைக்கு முதல் வார்த்தை வர ஆகிற அதே ஒரு வருஷம்! காரணம் யோசித்தால் புரிகிறது. யந்திரத்துக்கு வாய் இருந்தது. செவி அந்தப் பெண்ணிடம் இருந்தது. வந்த ஓசையைக் கேட்டு, சரியில்லை என்று அறிந்து, விரலைத் திருத்திக்கொண்டவள் அவள்.

செவியை வேறொரு இடத்தில் செய்துகொண்டிருந்தார்கள். அதே பெல் கூடத்தில் 1952-ல் 'ஆட்ரி' என்ற கருவி பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களைக் காதால் கேட்டு அடையாளம் கண்டது, அதுவும் பழகிய குரலாக இருந்தால். 1962-ல் சியாட்டில் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வைத்த 'ஷூபாக்ஸ்' என்ற கருவிக்குத் தெரிந்த சொற்கள் பதினாறு. இப்படி, பேசிய யந்திரம் கேட்கவில்லை. கேட்ட யந்திரம் பேசவில்லை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வதுதான் குழந்தையின் ரகசியம் என்றால், வாயையும் செவியையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து எப்படி அதை அடைவது?

யந்திரம் கற்கத் தொடங்கியது பின்னால்தான். 1987-ல் செஜ்னோவ்ஸ்கி, ரோசன்பெர்க் என்ற இருவர் 'நெட்டாக்' என்ற அமைப்பை வெளியிட்டார்கள். ஆங்கில எழுத்தைப் படித்து ஒலிக்கக் கற்பது அதன் வேலை. எழுத்து ஒன்று, ஓசை பல என்னும் தொல்லை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. 'கல்', 'தங்கம்', 'பகல்' என்று நாம் சொல்லிப் பார்த்தால் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு அது உறைப்பதேயில்லை, ஏனென்றால் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றைக் கேட்டுவிட்டோம். நெட்டாக்குக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தவறு செய்யச் செய்யத் திருத்தி, திருத்தத் திருத்தப் பழகியது. அந்தப் பயிற்சியின் ஒலிப்பதிவில் முதலில் குழந்தையின் மழலை போன்ற பிதற்றல் கேட்கிறது. போகப் போகச் சொற்கள் தெளிகின்றன.

2012-ல் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சோதனையே எனக்கு மிகவும் பிடித்தது. 'டீச்சி' என்று பெயரிட்ட, குழந்தை உயரமுள்ள ஒரு ரோபோ. முதலில் அது அசைகளை அள்ளித் தெளித்தாற்போல் உளறும். விஞ்ஞானிகள் அல்லாத சாதாரண மனிதர்கள் அதன்முன் உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறங்களையும் வடிவங்களையும் சொல்லித் தந்தார்கள். அடிக்கடி காதில் விழும் அசைகளை அது அதிகமாக உளற ஆரம்பித்தது. தற்செயலாக ஒரு சொல் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் மகிழ்ந்து பாராட்டுவார். அந்தச் சொல் நிலைக்கும். சில நிமிஷங்களில் நிறப் பெயர்களைப் போன்ற எளிய சொற்கள் அதன் வாயில் வந்துவிட்டன. அர்த்தம் அதற்குத் தெரியாது. ஆனால் பேச்சு பிறந்த விதம் நம் வீட்டுக் கூடத்தில் பிறக்கிற விதந்தான்.

இன்றைய யந்திரங்கள் இதைக் கடந்து எங்கேயோ போய்விட்டன என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2016-ல் வந்த 'வேவ்நெட்' ஒரு விநாடிக்குப் பதினாறாயிரம் துளிகளாக ஓசையைக் கோத்து மனிதக் குரலை உண்டாக்கியது. வாசிக்க வாசகம் எதுவும் கொடுக்காமல் விட்டபோது அதுவும் மழலை பேசியது, நடுநடுவே மூச்சு வாங்கும் ஓசையோடு. 2022-ல் வெளியான 'விஸ்பர்' என்ற கேட்கும் அமைப்புக்கு 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஒரு மனிதன் இரவு பகல் தூங்காமல் கேட்டாலும் எழுபத்தேழு வருஷத்துக்கு மேல் ஆகும்! அத்தனையும் கேட்ட பிறகும், பேசுகிறவர் சற்று மௌனமானால், அவர் சொல்லாத வாக்கியத்தைச் சில சமயம் அது தானாக எழுதிவிடுகிறது. மௌனத்தை மௌனமென்று விட்டுவைக்க அதற்கு இன்னும் முழுமையாகப் பழகவில்லை. குழந்தையோ மிகக் கொஞ்சம் கேட்டே அதையும் பழகிவிடுகிறது, தன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இருப்பதால்.

திரும்பவும் கதைகளுக்கு வருகிறேன். 1968-ல் ஆர்தர் கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து ஆக்கிய '2001' என்ற படத்தில் ஹால் என்னும் கம்ப்யூட்டர் பேசுகிறது. 1956 முதல் கடைசிவரை இலங்கையிலேயே வாழ்ந்தவர் கிளார்க். அவர் அமெரிக்கா சென்றிருந்தபோது பெல் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் 'டெய்சி பெல்' என்ற பழைய காதல் பாட்டைப் பாடக் கேட்டார். 1961-ல் பாடவைத்த பாட்டு அது. படத்தில், ஹாலின் அறிவைத் தகடு தகடாகக் கழற்றுகிறார்கள். குரல் தளர்ந்து இழுக்கிறது. தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அவர் கற்றுக்கொடுத்த பாட்டைப் பாடட்டுமா என்று கேட்டுவிட்டு அந்த 'டெய்சி'யைப் பாடிக்கொண்டே அணைந்துபோகிறது. படம் முழுவதும் பிறந்ததிலிருந்தே பேசியதுபோல் பேசிய யந்திரத்துக்கும் ஒரு குழந்தைப் பருவம் இருந்தது, எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது அது சாகும்போதுதான் நமக்குத் தெரிகிறது. கொலை செய்த யந்திரத்துக்காக நம் மனம் இளகுவது அந்த ஒரு கணத்தில்தான்.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் தொடர்கதையாக வந்தது. அதில் வரும் ஜீனோ என்ற யந்திர நாயை வாசகர்கள் வீட்டுப் பிராணியாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஜீனோ எப்போது பேசக் கற்றது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. சுஜாதாவின் கூர்மையான காது தெருவிலும் ஆபீசிலும் கேட்டுச் சேர்த்த தமிழையெல்லாம் ஜீனோவின் வாயில் போட்டுவிட்டது. அந்த உற்சாகத்தில் கேள்வி மறந்துபோகிறது. வோடரின் முன் அமர்ந்த பெண்ணைப் போலத்தான் இதுவும். நாய் பேசுகிறது, கேட்டவர் ஆசிரியர். சுஜாதாவுக்கு இது பலித்தது. அந்தக் காது இல்லாதவர்களுக்குப் பலிப்பதில்லை. என் யந்திரம் பேசிய தமிழ் எந்த வீட்டிலும் கேட்ட தமிழ் அல்ல; "உறங்கினீர்களா" என்று எந்தத் தலைமைக் குமாஸ்தாவின் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

இவ்வளவும் ஆன பிறகு ஒருநாள் அந்த ஆசிரியையின் அனுமதி பெற்று அவர் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். காதில் கருவி மாட்டிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு ஆசிரியை "அம்மா" என்றார். பிறகு அந்தக் கையைச் சிறுமியின் தொண்டையிலேயே வைத்தார். ஏதோ ஓர் ஓசை வந்தது. என் காதுக்கு அது வார்த்தையாகவே படவில்லை. ஆசிரியையோ, யாரோ வாசலில் கூப்பிட்டதைப் போல் சட்டென்று முகம் மலர்ந்து, "என்னம்மா, என்ன கண்ணு வேணும்?" என்றார். சிறுமி சிரித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். இரண்டாவது தடவை எனக்கும் கேட்டது.

என் கதையின் கோளாறு அப்போதுதான் புரிந்தது. பிழையில்லாமல் பேசும் யந்திரத்தை அனுப்பி, அந்தக் கிழவருக்கு உபகாரம் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். உண்மையில் அவருக்கு வேலையில்லாமல் செய்துவிட்டேன். எல்லாம் தெரிந்து வந்த ஒன்றுக்கு அவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்? அதனோடு எதற்காகப் பேசுவார்? நம் பாஷையில் செவிகொடுப்பதற்கும் 'கேள்' என்றுதான் சொல்கிறோம். வினவுவதற்கும் 'கேள்' என்றுதான் சொல்கிறோம். கேட்காத யந்திரத்திடம் கேட்பதற்கு மனிதனுக்கு ஒன்றும் இருப்பதில்லை.

தொகுப்பில் சேர்ப்பதற்காக அந்தக் கதையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிய கதையில் யந்திரம் பல நாள் பேசுவதேயில்லை. அவர் தனக்குள் முணுமுணுப்பதை, காபி ஆறிவிட்டதென்று அலுத்துக்கொள்வதை, மனைவியின் படத்துக்கு முன் நின்று சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறது. பிறகு ஒரு காலை, அவர் தினமும் மனைவியின் படத்தைப் பார்த்துக் கூப்பிடும் பெயரையே சொல்லி அவரைக் கூப்பிட்டுவிடுகிறது. கிழவருக்குக் கோபம் வருகிறது. "அது என் பேர் இல்லை" என்கிறார். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன முதல் வாக்கியம் அது. அங்கேயிருந்து கதையைத் தொடங்கியிருக்கிறேன்.